ஜெபமலர் அக்காவின் கறுப்பு மார்க்கர்

ஜெபமலர் அக்காவுக்கு எங்கள் சுகாதாரத்துறை ஆபீஸில் வேலை, பேரை அழிப்பது. ஆஸ்பத்திரி சரியில்லை என்று ஜனங்கள் அரசாங்கத்துக்கு அனுப்பும் மனுக்களை, தகவல் உரிமைச் சட்டத்தில் யாராவது கேட்டால் நகல் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன் எழுதியவர் யாரென்று தெரியாதபடி கறுப்பு மார்க்கரால் மறைக்க வேண்டும். மறைத்து மறைத்து அக்காவுக்குத் தோள்பட்டை போய்விட்டது.

நம் ஆட்கள் பெயரோடு நிறுத்துவார்களா? யார் மருமகள், எந்தக் கடைக்கு எதிர்வீடு, மாப்பிள்ளை சவூதியில் என்ன வேலை, எல்லாம் வரும். கல்யாணப் பத்திரிகை தோற்றுப்போகும்! ஒருமுறை அக்கா முத்துலட்சுமி என்ற பெயரை மட்டும் மறைத்துவிட்டு, 'எலுமிச்சை கமிஷன் கடை மாடியில் குடியிருக்கிறோம்' என்பதை விட்டுவிட்டார். அடுத்து முத்துலட்சுமி தன் பிள்ளைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "மனு போட்ட இடத்துலயே போய் ஊசி போட்டுக்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் எங்கள் வாசலில் வந்து நின்று அழுதாள். அன்றிலிருந்து அக்கா ஊர், தெரு, தேதி என்று கண்ணில் பட்டதையெல்லாம் அழிப்பார். நாங்கள் கேலி செய்தால், "சிரிங்கலே, உங்களுக்கென்ன" என்பார்.

சைதூன் பீவி வந்தது ஒரு சாரல் நாளில். போன வருஷச் சீசனில், குற்றாலத்து அருவிக்கரை மருத்துவ முகாமுக்கு டாக்டரை அனுப்பிவிட்டதால் சைதூன் பீவியின் ஊர் ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை. காய்ச்சலோடு போன மகள் ஹஸீபா, தென்காசி வந்து சேருமுன் இறந்துவிட்டாள். மனு போட்டார். 'இது குறித்து வேறு யாரும் புகார் தரவில்லை' என்று மேலிருந்து பதில் வந்தது. சொன்னது தான் ஒருத்தி மட்டுமல்ல என்று காட்டினால் இனியாவது அங்கே டாக்டர் இருப்பார் என்று நம்பித்தான், அந்த ஆஸ்பத்திரி பற்றி வந்த எல்லா மனுக்களையும் கேட்டிருந்தார்.

அக்கா நகல் கட்டை எடுத்து நீட்டினார். பக்கம் பக்கமாகக் கறுப்பு. 'டாக்டர் இல்லை' என்பது மட்டும் அங்கங்கே தப்பியிருந்தது. கடைசித் தாளில் சைதூன் பீவியின் விரல் நின்றது.

"மேடம், இது என் கையெழுத்து. எம்புள்ள பேரு எங்க?"

"வெளிய தெரிஞ்சா அங்கன உள்ளவங்க உங்கள ஏசுவாங்கம்மா. அதான் மறைச்சேன்."

"ஏசட்டும். இனிமே அங்கன நான் யாரக் கூட்டிட்டுப் போகப் போறேன்?"

அக்கா அந்த நகல்களைத் திரும்ப வாங்கினார். அசல்களை எடுத்துப் புதிதாக ஜெராக்ஸ் போட்டார். மற்றவர்களின் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் மட்டும் மறைத்தார். நடந்ததையும் தேதியையும் விட்டுவிட்டார். சைதூன் பீவியின் மனுவில் மார்க்கர் படவே இல்லை.

"மெமோ வரும்க்கா" என்றேன்.

"வரட்டும்லே. அழிச்சு அழிச்சு அலுத்துப்போச்சு எனக்கு."

முத்திரை குத்திக் கொடுத்தார். சைதூன் பீவி நின்றபடியே வாசித்தார். பாம்பு கடித்த ஒருவர், வலி கண்ட ஒரு மருமகள், வலிப்பு வந்த குழந்தை. எல்லாம் சீசன் சமயம், எல்லாருக்கும் டாக்டர் இல்லை. அவர் முதல் தாளுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொன்றிலும் மேலே இருந்த தேதியை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார்.

"யம்மா, இதெல்லாம் ஹஸீபா மவுத்தாகுததுக்கு முந்தியே வந்த கடுதாசில்லா?"

அக்கா ஆமென்று தலையை ஆட்டினார். எங்களில் ஒருவரும் ஃபைலிலிருந்து தலை நிமிரவில்லை.