என் மகளின் பெரிய கண்கள்

என் மகளுக்குக் கண் பெரிதாக இருந்ததில் எனக்கு அப்படியொரு பெருமை. பிறந்தபோதே பெரிய கண்தான். மாதம் ஏற ஏற இன்னும் பெரிதானது. வெள்ளை கம்மி, கருவிழிதான் ஜாஸ்தி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். என் குஞ்சை ஊரே பொன்குஞ்சு என்றபோது எனக்குத் தலைகால் புரியாமல் போனதில் என்ன ஆச்சரியம்?

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் இட்லிக்கடை. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டம் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். இலையில் இட்லி விழுவதற்கு முன்பே, "அம்மன் கண்ணு மாதிரியே இருக்குதுங்க" என்பார்கள். நான் ஒன்றும் தெரியாதவள் போல சட்னி ஊற்றிக்கொண்டிருப்பேன். உள்ளுக்குள் குளுகுளு என்றிருக்கும்.

ஆனால் ஒன்று. அழகு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நின்று உற்றுப் பார்க்கக் கூடாது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது அல்லவா? யாராவது கொஞ்ச நேரம் பார்த்தால் முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிவிடுவேன். "என்னங்க, பொருட்காட்சியா?" என்று கேட்டும் விடுவேன். எனக்கு வாய் ஜாஸ்தி. அது ஊருக்கே தெரியும். கன்னத்தில் பெரிய மைப்பொட்டு, உள்ளங்காலில் ஒன்று, பொழுது சாய்ந்ததும் உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவது என்று எதிலும் குறை வைக்கவில்லை.

அந்தக் கண்ணில் எப்போதும் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அடுப்புப் புகை என்று நினைத்து, தொட்டிலைப் பின்னறைக்கு மாற்றினேன். வெயிலுக்குத் தூக்கி வந்தால் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். கோயிலில் கற்பூரத் தட்டை நீட்டினால் கண்ணை இறுக மூடிக்கொண்டு வீறிடும். என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். மாமா என்றுதான் கூப்பிடுவேன். "கூச்ச சுபாவம்டி, என்ன மாதிரி" என்றார் அவர். "உன்ன மாதிரினா பரவால்ல, பொழச்சுக்கும்" என்றேன். மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார். அதையும் விட்டோம். தண்ணீர் நிற்கவில்லை.

சித்ரா பௌர்ணமி அன்று சாயங்காலம் ஓர் அம்மாள் சாப்பிட வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவர் முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், இருபது வயதிருக்கலாம், தலையைக் குனிந்தபடி பின்னால் வந்து உட்கார்ந்தாள். அந்த அம்மாள் இட்லியைப் பிட்டவர் வாயில் வைக்கவில்லை. என் இடுப்பில் இருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழந்தைக்கு வெளிச்சம் ஆகாதாம்மா?"

எல்லோரும் அழகு என்பார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. "சித்திரை வெயில் யாருக்குங்க ஆவுது?" என்றேன்.

"கண்ணுல தண்ணி ஊத்திக்கிட்டே இருக்குதா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முந்தானையை இழுத்து மூடினேன். "சாப்ட்டாச்சுன்னா எழுந்துக்கோங்க. பின்னாடி ஆளு நிக்கறாங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. "என்னத் திட்டிக்கோம்மா. துணிய எடுத்துட்டு ஒரே ஒரு தடவ காட்டு."

"எதுக்குங்க காட்டணும்? இவ்ளோ நேரம் பாத்தது பத்தாதா?"

என் குரல் உயர்ந்ததும் பக்கத்திலிருந்த பெண் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அப்போதுதான் அவள் கண்களைப் பார்த்தேன். என் மகளுடையதைப் போலவே பெரிய கண்கள். ஆனால் இரண்டு கருவிழியிலும் ஆறிய கஞ்சியில் ஆடை படிந்ததுபோல வெள்ளை.

"இவளுக்கும் இப்படித்தாம்மா இருந்துச்சு" என்றார் அந்த அம்மாள். "கண்ணழகினு தெருவே கூப்புடும். அழகுனு நெனச்சிக்கினு இருந்துட்டோம். பள்ளிக்கூடத்துல சேக்கும்போதுதான் செவுத்துல முட்டிக்கறானு தெரிஞ்சுது. கண்ணுக்குள்ள அழுத்தம்னாங்க. முன்னாடியே வந்திருந்தா பாத்திருக்கலாம்னாங்க. அதுக்கப்புறம் என்ன பண்ணியும் வர்ல."

அந்தப் பெண்ணும் பேசினாள். "அக்கா, உங்களப் பயமுறுத்தணும்னு அம்மா சொல்லல. எங்களுக்கு யாரும் சொல்லல, அதான்."

"நாளைக்குனு வெக்காத" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் எழுந்தார். "குழந்தைங்க கண்ணு பாக்கற டாக்டரா பாத்து போ. வருஷா வருஷம் இதே பௌர்ணமிக்கு வருவோம். நல்ல சேதி சொல்லு." கூட்டம் அவர்களை இழுத்துக்கொண்டு போனது. பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

வயிற்றெரிச்சலில் சொல்லிவிட்டுப் போகிறார் என்று ஒரு மனசு சொன்னது. உடனே உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டேன். திருஷ்டி இருந்தால் மிளகாய் நெடி வராது, இல்லாவிட்டால் கமறும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. போட்ட மாத்திரத்தில் கமறியது பாருங்கள், கடையில் இருந்தவர்கள் எல்லாம் இரும ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியென்றால் திருஷ்டி இல்லை. அப்படியென்றால் அந்த அம்மாள் சொன்னது?

"மாமா, காலைல ஆஸ்பத்திரி போறோம்" என்றேன்.

"கூட்டம் முழுசா போவட்டும்டி. வேணும்னா சாமிக்கு வெள்ளில கண்மலர் செஞ்சு போடறேன்னு வேண்டிக்கலாம்."

"வேண்டிக்கோ. வேண்டிக்கினே பஸ் ஏறு."

திருவண்ணாமலை டவுனில் ஒரு கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். அதுவரை குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தவர் கொஞ்சுவதை நிறுத்திவிட்டார். "இன்னிக்கே சென்னை போயிடுங்க. நானே போன் பண்ணிச் சொல்றேன்" என்றார். அந்த மனிதர் நல்லா இருக்க வேண்டும். நாலு நாள் மருந்து விட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால் நானும் தலையாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

சென்னையில் எங்களுக்கு வாய்த்த டாக்டரம்மா பொறுமைசாலி. என்னிடம் பேச அது வேண்டும். "கண்ணுக்குள்ள எப்பவும் ஒரு நீர் ஊறி, ஊறி, வடிஞ்சிட்டே இருக்கணும்மா. உங்க பாப்பாவுக்கு வடியற வழி பிறக்கும்போதே சரியா திறக்கல. நீர் தேங்கி அழுத்தம் ஏறுது. குழந்தை கண்ணு இளசு இல்லையா, அழுத்தத்துக்கு விரியுது. அதான் பெருசா தெரியுது. இதுக்குப் பேரு குளுக்கோமா. பெரியவங்களுக்கு மட்டும் வர்றதுன்னு நினைச்சிட்டிருப்பீங்க."

பாத்திரம் கழுவுகிற தொட்டி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று இட்லிக்கடைக்காரிக்குத் தெரியாதா? புரிந்தது. நான் மை வைத்து, பொத்திப் பொத்திக் காத்த அழகு அதுதான் என்றும் புரிந்தது. அந்த நாற்காலியிலேயே ஓவென்று அழுதேன்.

"சொந்தத்துல கல்யாணமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஏங்க, அத்த மவன கட்டிக்கினது குத்தமா?" அழுகையிலும் என் வாய் அடங்கவில்லை.

"குத்தம்னு யாரும் சொல்லலம்மா. சொந்தத்துல ஆனா கொஞ்சம் ஜாஸ்தி வரும். அடுத்த குழந்தை பிறந்தா உடனே கண்ணைக் காட்டிடுங்க, அதுக்குத்தான் கேட்டேன்." மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் அழுதிருந்தார்.

மயக்கம் கொடுத்துத்தான் அழுத்தத்தை அளக்க முடியும், அளந்துவிட்டு அப்படியே ஆபரேஷன் என்றார்கள். மயக்கத்துக்கு முன்னால் பால் கொடுக்கக் கூடாது. பசிக்கிற குழந்தை தாயின் மார்பை முட்டி முட்டித் தேடும்போது இல்லை என்பதைப் போல ஒரு தண்டனை உலகத்தில் கிடையாது. என் வாசனை படாமல் இருக்கட்டும் என்று மாமா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். அழுகைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இட்லி தீர்ந்த பிறகு வருகிறவர்களிடம், "கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று நான் கேலி பண்ணுவது வழக்கம். அந்தப் பழமொழி அன்றைக்குத் திரும்பத் திரும்ப மனசில் வந்து குத்தியது. அதை அப்புறம் நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீர் வடிய வழி செய்துவிட்டார்கள். முதலில் ஒரு கண், அடுத்த வாரம் இன்னொன்று. டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. வலது கண்ணில் கொஞ்சம் சேதமாகிவிட்டது, போனது வராது. இருப்பதைக் காப்பாற்றலாம், ஆனால் ஆயுசுக்கும் வந்து அழுத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நான் வேற மாதிரி பேச வேண்டியிருந்திருக்கும். யாரு உங்களை அனுப்புனது?" என்று கேட்டார். என்ன பேர் சொல்வேன்? "எங்க கடைல இட்லி சாப்ட்டவங்க" என்றேன்.

ஊருக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் கடை வாசலில் பிள்ளையோடு நின்றேன். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. நான் பழக்கத்தில் தோளைக் காட்டினேன். அவள் புதைந்துகொள்ளவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதிர்க்கடையில் தொங்கிய மாலைகளைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் போட்ட கூச்சலில் மாமா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்.

அப்புறம் சொட்டு மருந்து, கண்ணாடி, சென்னைக்கும் ஊருக்கும் அலைச்சல். வலது கண் சோம்பேறியாகிவிடக் கூடாது என்று நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் பிளாஸ்திரி ஒட்டி மூடச் சொன்னார்கள். எங்கள் மகாராணி பிய்த்துப் பிய்த்து எறிவாள். கடைசியில் மாமா தன் கண்ணிலும் ஒன்றை ஒட்டிக்கொண்டு இட்லி பரிமாறினார். "இன்னாங்க, அண்ணி அடிச்சுட்டாங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. "ஆமாங்க, தினம் அடி" என்பார். அப்பா ஒட்டியிருக்கிற வரைக்கும் அவளும் பிய்க்காமல் இருப்பாள். கூச்ச சுபாவக்காரர் அவர். அந்தக் கோலத்தில் ஊர் முன்னால் நின்றாரே, அதற்கே நான் இன்னும் ஏழு ஜென்மம் அவருக்கே வாக்கப்படலாம்.

அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு அந்த அம்மாளும் பெண்ணும் வரவில்லை. வந்து, கூட்டத்தில் எங்கள் கண்ணில் படாமல் போனார்களோ என்னவோ. கண்மலரை மாமா வாங்கியாகிவிட்டது. அவங்க வரட்டும், அப்புறம்தான் போட வேண்டும் என்று நான் விடவில்லை. சாமி கோபித்துக்கொள்ளும் என்றார். சாமிக்குத் தெரியும், யாரை அனுப்பினோம் என்று, அது காத்திருக்கும் என்றேன்.

போன சித்ரா பௌர்ணமி அன்று வந்தார்கள். அம்மாளின் முந்தானையைப் பார்த்தேன், அதன் நுனியைப் பிடித்த கையைப் பார்த்தேன், கரண்டியைப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் ஓடினேன். அம்மாளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பெண்தான் என் குரலைக் கேட்டதும் சிரித்தாள். "அம்மா, நம்மள எழுந்துக்கச் சொன்னாங்களே, அந்த அக்கா."

உட்கார வைத்தேன். என் மகள், பின்னால் நாடா கட்டிய சின்னக் கண்ணாடியோடு, மாமாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூக்கி வந்து அந்த அம்மாளின் மடியில் வைத்தேன். கண்ணாடியை நானே கழற்றினேன்.

"பாருங்க" என்றேன். "எவ்ளோ நேரம் வேணும்னாலும் பாருங்க."

அவர் குழந்தையின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். கடையில் ஆள் நின்றது, இட்லிச் சட்டி ஆவி விட்டது, யாரையும் நான் கவனிக்கவில்லை. பக்கத்திலிருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் தோளைத் தொட்டு, "எப்படிம்மா இருக்குது அது கண்ணு?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் குழந்தையின் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"பெருசாத்தாம்மா இருக்குது, உன்னுது மாதிரியே" என்றார். "ஆனா என்னப் பாக்குதும்மா. என்னையே பாக்குது."