முட்டியில் இடிக்காத கியர்

கியர் ராடைக் குட்டையாக்கித் தருகிற தொழிலில் பெரிய இம்சை எதுவென்றால், வந்து நிற்கிற ஆள் எதற்காகக் கேட்கிறார் என்பதை மட்டும் வாய் திறந்து சொல்லவே மாட்டார். தையல் கடைக்காரர்களே, பல் டாக்டர்களே, உங்களிடமும் இப்படித்தானே மென்று முழுங்குவார்கள்? அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன், உங்களுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

சின்னமனூரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி என் ஒர்க்‌ஷாப். தொண்ணூற்றேழு வாக்கில் ஆரம்பித்தது. எல்லா ரிப்பேரும் பார்ப்பேன் என்றாலும் கியர் வேலைக்கென்று தேடி வருவார்கள். வேலை இதுதான்: ராடுக்கு அடியில் ஓர் உருண்டை இருக்கும், அதை வைத்துத்தான் ராடு முன்னே பின்னே ஆடும். லேத்தில் ஒரு வளையம் கடைந்து அடியில் கொடுத்து, அந்த உருண்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, மேலே ராடையும் வெட்டினால் கை போகிற தூரம் பாதியாகிவிடும். ஆனால் தள்ளுவதற்குக் கனம் கூடும். கடப்பாறையைக் கீழே பிடித்துக் கல்லை நெம்பிப் பாருங்கள், தெரியும். இதைச் சொல்லாமல் நான் எந்த வண்டியிலும் கை வைத்ததில்லை. காதில் வாங்குகிற ஆளைத்தான் காணோம்.

கையைத் தள்ளிவிடும் கார்

ஜெயமங்கலத்திலிருந்து ஒரு பையன் பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்தான். படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். அப்பாவுக்கு வாழைத்தோப்பு. ரேஸ் காரில் போடுகிற மாதிரி விரலால் சுண்டினால் கியர் விழ வேண்டுமாம். "சுண்டினா விழுகாது தம்பி, குத்தினாத்தான் விழுகும்" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. செய்து கொடுத்தேன். டக்கு டக்கென்று மாற்றிக்கொண்டு சந்தோஷமாகப் போனான்.

மறுவாரம் அவன் அப்பா அதே காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கை வரை தோப்பு மண். மகன்மேலும் கோபமில்லை, என்மேலும் கோபமில்லை. முகத்தில் ஒரு வருத்தம் மட்டும் இருந்தது. காரைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏன்யா, ஒவ்வொரு தடவையும் இது என் கையைத் தள்ளி விடுதே, நான் இதுக்கு என்னய்யா செஞ்சேன்?"

லூசாக இல்லாத ஜீப்

தங்கராசு தேவாரத்துக்காரன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் டிரைவர். விடிவதற்குள் கிளம்பி, போடிமெட்டு மலை ஏறி, அந்தப் பக்கத் தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவான். முப்பது வயது இருக்கும். கேட்ட கேள்விக்குத் தலையை ஆட்டுவதோடு சரி, அதிலும் ஆமாவா இல்லையா என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"கியர் லூசா இருக்குண்ணே" என்று கொண்டுவந்தான். பிரித்துப் பார்த்தேன், லூசெல்லாம் இல்லை. "நல்லாத்தானே இருக்கு?" என்றேன். பேசாமல் நின்றான். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தான். அப்புறமும் நின்றான். ஏலே, இவன் என்ன வேண்டுதலுக்கு நிற்கிறானா என்று எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டு வந்தபோது, டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "முன்சீட்டுல உக்காந்திருக்கவக முட்டியில இடிக்குதுண்ணே. ஒரு தடவகூட இடிக்கக் கூடாது."

முன்சீட்டு விவகாரம்

மிச்சக் கதையை ஜீப் ஓனர் வந்து சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, தங்கராசு வேலையே இல்லாத இடத்தில், ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்கிறவள் ஈஸ்வரி. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல், பெரியவர்கள் பேசி அத்துவிட்டு, அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அப்பாவுக்குக் கண் மங்கல். அவள் காயெடுத்துக் கொண்டுவருகிற கூலியில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிகிறது. பின்னால் உட்கார்ந்தால் ரெண்டாவது வளைவிலேயே வாந்தி. தோட்டத்தில் இறங்கும்போது நிற்க மாட்டாமல் துவண்டு போவாள். இந்த லட்சணத்தில் வந்தால் வேலை கிடையாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். முன்னால் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. ஆனால் மலை ஏறுகிற வண்டிக்கு எந்நேரமும் ஒண்ணாவது கியரும் ரெண்டாவது கியரும்தான். ரெண்டும் இடது பக்கம், அவள் முட்டி இருக்கிற பக்கம். ஒவ்வொரு வளைவிலும் ராடு இடிக்கும், கூடவே தங்கராசு கையும் படும். பின்னால் இருக்கிறவர்கள் இதைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஓனர் கெட்டவர் இல்லை. ஆனால் பத்து வாய்க்குப் பதில் சொல்ல அவரால் ஆகாது. "இந்த வாரம் பாப்பேன்" என்றார், ஜீப்புக்கு அடியிலும் கேட்கிற மாதிரி. "பேச்சு நிக்கலேன்னா அந்தப் புள்ளைய மலைக்கு வர வேணாம்னு சொல்லிருவேன். எனக்கு வேற வழியில்ல."

அன்று இருட்டுவதற்குள் ராடைக் குட்டையாக்கிக் கொடுத்தேன். கனமாக இருக்கும் என்று வழக்கம்போலச் சொன்னேன். தங்கராசு தலையை ஆட்டினான். ஏறி உட்கார்ந்து ஒண்ணாவது கியரைப் போட்டான், பக்கத்து சீட்டைப் பார்த்தான், ரெண்டாவது போட்டான், மறுபடியும் பார்த்தான். காலி சீட்டு. ஆனாலும் அதில் ஆள் இருக்கிற மாதிரியே பார்த்தான். இறங்கி வந்து சொன்னான்: "கனம் கெடக்கட்டும்ணே, இனி ஒரு பயலும் பேச முடியாதுல்ல."

அம்மச்சியும் கம்பியும்

நடுவில் குமுளிப் பக்கத்திலிருந்து ஒரு கம்பவுண்டர் வந்தார், நல்ல தமிழ் பேசுகிற மலையாளி. அவர் அம்மாவுக்கு, அவர் பாஷையில் அம்மச்சிக்கு, மலை இறங்குவதென்றால் பயம். வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு, கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொள்வார்கள். எட்டியது கியர் ராடு. நாலு பேர் சேர்ந்தாலும் அந்தப் பிடியை விடுவிக்க முடியாதாம். ஒருதரம் பாதி வளைவில் கியரே மாற்ற முடியாமல், நடு ரோட்டில் வண்டியை நிறுத்தி, அம்மச்சிக்குத் தண்ணீர் கொடுத்து, கெஞ்சிக் கூத்தாடி ராடை வாங்கியிருக்கிறார்.

அவர்கள் கைக்கு எட்டாத அளவுக்கு வெட்டிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து ஆயில் மாற்ற வந்தவரிடம், அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டினார், அஞ்சு விரலும் பதிந்திருந்தது. "கம்பி இருக்கறப்போ கம்பியப் பிடிச்சாங்க. இப்ப என் கையப் பிடிக்கிறாங்க. இனி என் கையையும் குட்டையாக்கித் தர முடியுமோ சாரே?"

ஒர்க்‌ஷாப்புக்கு வந்த பெண்

ஒர்க்‌ஷாப்புக்குப் பெண்கள் தனியாக வருகிற காலமில்லை அது. சந்தைப் பையோடு ஒருத்தி வாசலில் நின்றதும், வழி கேட்க வந்தவள் என்றுதான் நினைத்தேன். "தேவாரத்து ஜீப்புக்குக் கியரு வெட்டுனது நீங்கதானாண்ணே?" என்று கேட்டபோதுதான் இது ஈஸ்வரி என்று தெரிந்தது. "உள்ள வா ஆத்தா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை. "அதத் திரும்ப நீளமாக்கணும்" என்றாள்.

தங்கராசுக்கு இடது தோள் போய்க்கொண்டிருக்கிறதாம். வளைவுக்கு வளைவு பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஒண்ணாவது போடுகிறானாம். மெட்டில் டீ குடிக்க நிறுத்தினால் அந்தக் கையால் கிளாசைத் தூக்க முடியவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று வலது கைக்கு மாற்றிக்கொள்கிறானாம். இவள் பார்த்திருக்கிறாள். "நீளமாக்குனா திரும்ப உன் முட்டியில இடிக்கும். ஊரு பேசும். சீட்டு போயிரும், உன் வேலையும் போயிரும்" என்றேன். அதெல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த வைராக்கியத்தைப் பார்த்து, ஸ்பானரைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"முட்டி வலிச்சா ரெண்டு நாளுல போயிரும். அவுக கை போயிட்டா என்ன செய்வாக, அவுகளுக்கு வேற என்ன தெரியும்?" என்றாள். ரெண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். "நான் வந்தேன்னு அவுககிட்டச் சொல்லிராதீகண்ணே."

வளைந்த ராடு

ஒருத்தன் குட்டையாக்கு என்கிறான், ஒருத்தி நீளமாக்கு என்கிறாள், ரெண்டு பேரும் அடுத்த ஆளுக்காகக் கேட்கிறார்கள். இந்த மாதிரி வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக் பிழைப்பது, நீங்களே சொல்லுங்கள். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் ராடு தெரிந்தது.

கடைசியில் தங்கராசுக்குச் சொல்லி அனுப்பினேன், ஏதோ செக்கப் என்று. வளையத்தை எடுத்து உருண்டையைப் பழைய இடத்தில் உட்கார வைத்தேன். பழைய நீளத்துக்கு ஒரு ராடு போட்டு, நடுவில் பழுக்கக் காய்ச்சி, அவன் பக்கமாக வளைத்துவிட்டேன். இப்போது ஒண்ணாவது போட்டாலும் பக்கத்து சீட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். கனமும் இல்லை. ஒரே குறை, மூணாவதுக்கும் நாலாவதுக்கும் போகும்போது டிரைவர் முட்டியிலேயே இடிக்கும். வளைத்த ராடு யாரையாவது இடிக்கத்தான் செய்யும்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "கனமா இருக்குன்னு நான் யாருகிட்டயும் சொல்லலையேண்ணே" என்றான். நான் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவனுக்கு மெல்ல விளங்கியது. காது வரைக்கும் சிவந்து போய், தன் வலது கையால் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். முட்டியில் இடிக்கிறதா என்று கேட்டேன். சிரித்தான், அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "இப்ப என் முட்டியிலதாண்ணே இடிக்குது. அது நல்லாத்தான் இருக்கு."

சொந்த ஜீப்

ஈஸ்வரி சீட்டு போகவில்லை. பேசுகிறவர்கள் வேறு பேச்சுக்குப் போனார்கள். தங்கராசு அவள் அப்பாவிடம் நேரே போய்க் கேட்டானாம், அந்த ஒரு நாள் மட்டும் வாய் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. வீரபாண்டித் திருவிழா முடிந்து கல்யாணம் நடந்தது. நானும் போய் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன்.

சில வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் ரெண்டு பேரும் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். பழசுதான், ஆனால் சொந்தம். ஓட்டிக்கொண்டு வந்தவன் தங்கராசு, பக்கத்தில் ஈஸ்வரி. முன்சீட்டில் வேறு யாரையும் ஏற்றுவதில்லையாம். ராடு கம்பெனியில் வந்த மாதிரி அப்படியே, நெட்டைக் கம்பியாக நின்றது. எனக்குக் கை துறுதுறுத்தது. "என்ன செய்ய, வளைச்சுத் தரவா, குட்டையாக்கித் தரவா?" என்றேன். தங்கராசு வழக்கம்போல வாயைத் திறக்காமல் அவளைப் பார்த்தான்.

அவள் சீட்டை விட்டு இறங்கவே இல்லை. முட்டியை ஒதுக்கவும் இல்லை. "ராடத் தொடாதீகண்ணே, ஆயில மட்டும் மாத்துங்க" என்றாள். "அப்பப்ப இடிச்சாத்தான் பக்கத்துல ஒரு ஆளு இருக்குன்னு இவுகளுக்கு ஞாபகம் இருக்கும்."

கியர் குட்டையாக்கித் தரப்படும் என்று வாசலில் போர்டு மாட்டி வைத்திருந்த என் வாழ்நாளில், வாடிக்கையாளர் முழு மனதோடு சிரித்துக்கொண்டு போன வேலை எதுவென்றால், நான் ராடில் கையே வைக்காமல் திருப்பி அனுப்பிய அந்த ஒன்றுதான்.