'வே' என்று எழுதிய பெட்டி

விற்ற பொருள் திரும்பி வந்து சேரும் இடமொன்று எல்லாப் பெரிய கடைகளிலும் உண்டு. வாங்க வருபவர் கண்ணில் படாமல், கட்டடத்தின் பின்புறத்தில், சரக்கு லாரிகள் வந்து நிற்கும் மேடையை ஒட்டி அது இருக்கும். ஒரு சின்னப் பெண் குழந்தைக்குத் தகப்பனான அவர் பல ஆண்டுகளாக வேலை பார்த்தது அப்படியோர் இடத்தில்தான். விடுமுறைக் காலம் பாதி கழிவதற்குள்ளேயே, பரிசாகப் போன பொருள்கள் காகிதம் கிழிந்த கோலத்தில் வரத் தொடங்கிவிடும். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, மறுபடி விற்கத் தகுந்ததாயின் பெட்டியின் மேல் 'கொ' என்று சாக்கட்டியால் எழுதுவார். அது கொள்முதலில் சேரும். தகாததாயின் 'வே', அது வேண்டாதது. 'வே' எழுதிய பெட்டியை யாரும் இரண்டாம் முறை திறந்து பார்ப்பதில்லை. நசுக்கும் இயந்திரத்தின் வாய்க்குள் நேரே தள்ளிவிடுவார்கள். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'வேண்டாம் அண்ணன்'.

அந்த இயந்திரம் விழுங்குவதை நாள்தோறும் பார்த்தவராதலால், தம் வீட்டிலிருந்து ஒரு பொருளும் குப்பைக்குப் போகக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அதன் பலனாக எல்லாம் வீட்டிலேயே கிடந்தன. ஓர் அறை, ஒரு சமையலறை, இடையே ஓர் ஆள் போகும் நடை, அவ்வளவுதான் வீடு. கட்டிலுக்கடியிலும் பரணிலும் அலமாரியின் தலையிலும் பல விடுமுறைகளின் மிச்சங்கள்: எரியாத சர விளக்குகள், காலியான பிஸ்கட் தகரங்கள், யாருடைய படத்தையும் பெறாத படச்சட்டங்கள். சுவர்க்கடிகாரம் ஒன்று அவரும் மனைவியும் வேறொருவருக்குக் கொடுத்து, வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுத்து, சுற்றத்தையெல்லாம் வலம் வந்து மீண்டும் அவர்களிடமே பரிசாக வந்திருந்தது. "ஊர் சுத்திட்டு வந்தும் மணி சரியாக் காட்டலியே" என்று மனைவியின் தம்பியான மைத்துனன் அதைக் கேலி செய்வான்.

இந்தச் சுமையை இறக்கியே ஆகவேண்டும் என்ற நிலைமை மகளால் வந்தது. குழந்தை வலது பாதம் உள்நோக்கி வளைந்தபடி பிறந்தவள். மாவுக்கட்டுகள் மாற்றி மாற்றிப் போட்டு அதை நிமிர்த்தியிருந்தார்கள். நிமிர்ந்தது நிமிர்ந்தபடி நிற்பதற்காக, தூங்கும் நேரமெல்லாம் அவளுக்கு ஒரு தாங்கி மாட்டவேண்டும்: இரண்டு சின்னக் காலணிகள், அவற்றை விரித்துப் பிடிக்கும் ஓர் இரும்புப் பட்டை. விழித்திருக்கும் நேரத்தில் அதைக் கழற்றிவிட்டு நன்றாக நடக்கவிடச் சொல்லியிருந்தார் மருத்துவர்.

"தரையில தாராளமா நடக்க விடுங்க. வீட்டுல எடம் இருக்கில்ல?" என்று மருத்துவர் கேட்டபோது கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆனா தாங்கிய மட்டும் விட்டுடாதீங்க. விட்டா, கால் பழைய எடத்துக்கே திரும்பப் பார்க்கும். அப்புறம் கத்தி வைக்க வேண்டியதாயிடும்."

ஆகவே விடுமுறையின் கடைசி வாரத்தில் வீட்டை ஒழிக்க முடிவு செய்தார்கள். பிறருக்கு உதவக்கூடியதைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுப்பது, வேண்டியதைப் பரணில் முறையாக அடுக்குவது என்பது ஏற்பாடு. மைத்துனன் தன் வேனைக் கொண்டுவருவதாகச் சொன்னான். கடையிலிருந்து அட்டைப்பெட்டிகளை அவர் கொண்டுவந்து போட, நிரப்பும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். மார்க்கர் பேனா காய்ந்துபோயிருந்தது. முழுச் சொல்லுக்கு மை போதாமல் முதலெழுத்தோடு நிறுத்தினாள். கொடுக்க வேண்டியவற்றின் மேல் 'கொ'. உடனே வேண்டியவை ஒரே பெட்டியில் அடங்கின. அதன்மேல் 'வே'.

தமிழில் கொடுப்பதற்கும் கொள்வதற்கும் முதலெழுத்து ஒன்றே. வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் அப்படியே. இதை அந்த வீட்டில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

காலையில் அவள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது வேன் வந்தது. அவர் பெட்டிகளைப் பார்த்தார். கை பழகிய வழியிலேயே போயிற்று. 'கொ' எழுதியவற்றைச் சுவரோரம் ஒதுக்கினார். 'வே' எழுதியதைத் தூக்கிக்கொண்டார்.

"இவ்வளவுதானா மாமா? இதுக்கா வேனைக் கொண்டாரச் சொன்னீங்க? தோள்ல வெச்சே போயிருக்கலாமே" என்றான் மைத்துனன்.

"உங்க அக்காவுக்குக் கொடுக்க மனசு வரணுமே. ஒண்ணு வந்ததே பெருசு" என்று சிரித்தார் அவர்.

பெட்டியை நிலையத்தின் வாசலில் இறக்கிவிட்டு, அவர் கடைக்குப் போனார். மைத்துனன் தன் சவாரிக்குப் போனான்.

நண்பகலில் கைப்பேசி ஒலித்தது.

"ஏங்க, வேணுங்கற பெட்டிய எங்க வெச்சீங்க? பாப்பா தூங்கி விழறா. தாங்கி அதுலதான் இருக்கு."

"எந்தப் பெட்டி?"

"'வே'ன்னு எழுதினது. தாங்கி, அவ போர்வை, மருந்து, எல்லாம் அதுலதான். தூசி படாம இருக்கட்டும்னு வெச்சேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே, மேடையின் மேல், அவர் கையாலேயே 'வே' எழுதிய பெட்டிகள் வரிசையாக நின்றன.

"ஏங்க? லைன்ல இருக்கீங்களா?"

மைத்துனனுக்குத் தகவல் சொல்லிவிட்டு அவர் ஓடினார். சேகரிப்பு நிலையம் ஒரு பழைய மண்டபம். விடுமுறைக் காலமாதலால் வாசல்வரை மூட்டைகள் சரிந்து கிடந்தன. பொருள்களைப் பிரிக்கும் அம்மாள் கையுறையைக் கழற்றாமலே அவர் சொன்னதைக் கேட்டாள்.

"மருந்தும் பழைய போர்வையும் இருந்த பெட்டியா? அதெல்லாம் நாங்க எடுக்கக் கூடாதே, அண்ணே. பின்னாடி கழிவுல போட்டாச்சு."

"அதுல கம்பியில மாட்டின ரெண்டு சின்ன ஷூ…"

அவள் முகம் மாறியது. "ஐயோ, அதுவா? ஒடஞ்ச சறுக்கு வண்டின்னுல்ல நெனச்சோம்! இரும்பு தனியாப் போகணும்னு திருகைக் கழட்டினது நான்தான். ஷூவெல்லாம் அந்தக் குவியல்ல போயிருக்கும். சீக்கிரம் போங்க, சாயந்தரம் லாரி வந்துடும்."

பழைய இரும்பு போடும் தொட்டியில் பட்டை உடனே கிடைத்தது. கைக்குக் கிடைத்த அந்தக் குளிர்ந்த இரும்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்டபத்தின் பின்பக்கம் போனார். தோள் உயரத்துக்கு நின்றது குவியல். கொடை என்ற பெயரில் வந்து, கொடைக்கு உதவாமற்போனவை: பாதி தின்ற மிட்டாய்ப் பெட்டிகள், மின்கம்பி அறுந்த விளக்குகள், ஒற்றைக் கையுள்ள பொம்மை, கறை படிந்த மேசைவிரிப்புகள், பளபளக்கும் காகிதம், காகிதம், காகிதம். தம் வீட்டில் சேர்ந்ததைப்போல ஆயிரம் வீடுகளில் சேர்ந்ததெல்லாம் அங்கே தம் மகளின் காலணிமேல் கொட்டிக் கிடப்பதாக அவருக்குத் தோன்றியது.

மைத்துனன் வந்து சேர்ந்தான். கேலி பேசவில்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மறுமுனையிலிருந்து தோண்டத் தொடங்கினான். கண்ணாடித் துண்டு அவன் விரலைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மேலும் தோண்டினான். பிரிக்கும் அம்மாளும் தன் வேலையை விட்டுவிட்டு வந்து குனிந்தாள்.

மாலை வெயில் சாயும்போது ஈரக் காகிதங்களுக்கிடையில் ஒரு காலணி கிடைத்தது. அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு திருப்பிப் பார்த்தார். இடது கால்.

லாரி வந்தது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம் சார் ஆகும்? கிடங்கு பூட்டிடுவாங்க."

"இன்னொண்ணு இருக்கு. குழந்தைது. வலது கால்."

"புதுசு வாங்கிக்கலாமே, சார்."

"கடைல கிடைக்காதுங்க. கால் அளவுக்குச் செஞ்சு தரணும். செய்யற எடம் லீவுக்கு மூடிக் கிடக்கு. திறந்தாலும் செஞ்சு முடிக்க எத்தன நாள் ஆகுமோ."

ஓட்டுநர் இறங்கினார். அவரும் ஒரு கழியால் கிளறினார். ஆனால் ஒளி மங்கிக்கொண்டே வந்தது. கடைசியில், "மன்னிச்சுக்கோங்க சார், என் வேலை போயிடும்" என்று தலையைத் திருப்பிக்கொண்டு விசையை இழுத்தார். குவியலை இரும்புப் பற்கள் வாரி உள்ளே தள்ளின. கடையின் நசுக்கும் இயந்திரத்தில் நாள்தோறும் கேட்ட அந்த ஓசையைக் குழந்தையின் தகப்பன் நன்கறிவார். ஒவ்வொரு வாரலின்போதும் கழுத்தை நீட்டி, விழும் பொருளையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். தரை வெறுமையாயிற்று. பெருக்குமாற்றின் கோடுகள்கூடத் தெரிந்தன. காலணி இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி எழுந்து வந்தாள். அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள். வாங்கிக் கட்டிலில் வைத்தாள். பட்டையில் இடது காலணியைத் திருகிப் பார்த்தாள். வலதுபுறத்துத் துளை வெறுமையாக இருந்தது. அதில் துணி கட்டிப் பார்த்தாள், நிற்கவில்லை.

"நான் 'வே'ன்னுதானே எழுதினேன்" என்றாள்.

"ஆமா. 'வே'ன்னுதான் எழுதியிருந்த."

மாவுக்கட்டுப் போட்ட நாட்களில் மருத்துவமனைச் செவிலி ஒருத்தி காட்டித் தந்தது அவருக்கு நினைவு வந்தது. குழந்தையின் காலடியில் உட்கார்ந்து, குதிகாலை ஒரு கையால் தாங்கி, பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். குழந்தை முனகிவிட்டு, தூக்கத்தில் ஆழ்ந்தாள்.

வாசலில் நின்ற மைத்துனன் சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தான். எல்லாவற்றின் மேலும் 'கொ'. விளக்குகள், தகரங்கள், சட்டங்கள், அந்தக் கடிகாரம், ஒன்றும் போகவில்லை.

"மாமா, இதையெல்லாம் வேன்ல ஏத்தட்டுமா?"

"ஏத்தாத. மொதல்ல ஒவ்வொண்ணாத் திறந்து உங்க அக்காகிட்டக் காட்டு."

அவள் பெட்டிகளின் பக்கம் திரும்பவில்லை. அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிற்பகல் முழுதும் குப்பையைக் கிளறிய அந்த விரல்களில் கீறல்கள் தெரிந்தன. பிடியைச் சரிசெய்ய அவர் ஒரு கணம் தளர்த்தினார். பாதம் தானாக, மெல்ல, உள்நோக்கித் திரும்பியது. அதை மீண்டும் பற்றி வெளியே திருப்பினார்.

"கொடுங்க, கொஞ்ச நேரம் நான் பிடிக்கறேன்" என்று கையை நீட்டினாள் அவள்.

"வேண்டாம்" என்றார் அவர்.