தண்ணீரை விட்டுவிடச் சொன்னேன்

கைகளைக் கழுவித் துடைத்து, தலைமுடி வலையைக் காதுவரை இழுத்துவிட்டு, வெங்காயக் கூடைக்கு முன்னால் நின்று யோசெப்பின் தொடங்கிவிடுவாள். முதலில் மனிதர்களுக்கு நன்றி. பிறகு மண்ணுக்கு. அடுத்து தண்ணீருக்கு, மீனுக்கு, செடிகொடிக்கு, மரத்துக்கு, பறவைக்கு, காற்றுக்கு, இடிக்கு என்று அது சூரியன் வரை ஏறும். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற எங்கள் சமையற்கூடத்தில் அடுப்பு மூட்டுவதற்கு முன் இது நடந்தாக வேண்டும். ஒவ்வொன்றையும் பூர்வகுடிகளான தன் மக்களின் மோஹாக் மொழியில் சொல்வாள், ஆங்கிலத்தில் சுருக்குவாள், பிறகு எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கேட்கிறவர்கள் ஆமோதித்தால்தான் எல்லார் மனமும் ஒன்றானது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அடுத்தது. எங்கள் தமிழ்ப் பெண்கள் "ஓம்" என்று ஆமோதிப்பார்கள். மேற்பார்வையாளர் றெனோல்ட் "அலே, அலே" என்று கைக்கடிகாரத்தைத் தட்டுவான். இடிக்கு நன்றி சொல்லும்போது மட்டும் அவனும் தொப்பியைக் கழற்றுவான். ஏன் என்று கேட்டால் தெரியாது என்பான்.

ஆற்றுக்கு அக்கரையில், தன் மக்களின் ஊரான கானவாகேயில் அவள் வீடு. அகன்ற தோள், நரைத்த ஒற்றைப் பின்னல், நடக்கும்போது இடது முழங்கால் கொஞ்சம் முனகும். வேலைக்கு வர ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். உலகத்தில் உள்ள அத்தனைக்கும் நன்றி சொல்கிறவள் அந்தப் பாலத்தின் நெரிசலை மட்டும் பிரெஞ்சில் வாய்கூசாமல் திட்டுவாள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிட்டிகை புகையிலை. புகைக்க மாட்டாள். வாகனத் தரிப்பிடத்து மேப்பிள் மரத்தடியில், அதுவும் புகைத்தல் தடை என்ற பலகைக்கு நேர் கீழே, அதைக் காணிக்கையாகத் தூவிவிட்டு மரத்தோடு ஏதோ கதைப்பாள். ஒருமுறை காவலாளி ஓடிவந்து சண்டை பிடித்தான். அவனுக்கும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டாள்.

எங்கள் பெண்களோடு நின்று நின்று அவளுக்கு யாழ்ப்பாணத் தமிழ் ஒட்டிக்கொண்டது. "கெதியா, கெதியா!" என்று எங்களையே விரட்டுவாள். றெனோல்ட் கூப்பிட்டால் "பேந்து" என்று பிறகுக்குத் தள்ளிவிடுவாள். என்னைத் தங்கச்சி என்பாள். நெற்றியில் அடித்துக்கொள்வதையும் எங்களிடம்தான் படித்தாள்.

அவளுடைய நன்றியை முதலில் எதிர்த்தவள் எங்களோடு வேலை செய்யும் இந்திராதேவி. ஒரு வடையை நீட்டியதற்கு வடைக்கும் உழுந்துக்கும் இந்திராதேவிக்கும் யோசெப்பின் தனித்தனியாக நன்றி சொல்லப்போக, இவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஒரு வடைக்கு நன்றி சொல்லி என்னைப் பிறத்தியாள் ஆக்கிறியோ?" என்று தட்டைப் பறித்தாள். நியாயம்தான். நம்மவர்களுக்கு நன்றி என்பது மேடைக்கும் கலியாண அட்டைக்கும் உரிய சொல். சொந்தச் சகோதரியிடம் சொன்னால் என்ன பிழை விட்டேன் என்று கேட்பாள். ஆனால் போகப் போக, வெங்காயத்துக்கு முன்னால் எல்லாரையும்விட உரத்து "ஓம்" சொன்னவள் இந்திராதேவிதான். இருவரும் ஒரே மேசையில், ஒரே பக்கமாக நின்று வெட்டுவார்கள். ஒருத்தி விடுப்பு எடுத்தால் மற்றவளுக்கு அன்றைக்குக் கத்தி ஓடாது.

இந்தப் பங்குனியில் இந்திராதேவியின் கணவர் பேரின்பநாதன் போய்விட்டார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், உறைந்த ஆற்றின்மேல் துளை போட்டு, வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து மீன் பிடிப்பதில் மனிதருக்கு ஒரு பைத்தியம். இனிப் பனிக்கட்டியை நம்பக்கூடாது என்று கூட்டாளிகள் சொல்லியிருக்கிறார்கள். கடைசியாக ஒருமுறை என்று போனார். கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பனி வெடித்து ஆளை விழுங்கிவிட்டது.

செய்தி வந்ததிலிருந்து இந்திராதேவி அழவில்லை. வாயில் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் படவில்லை. தேத்தண்ணியைப் பருக்கப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டாள். இப்படியே விட்டால் இவளும் அவரோடு போய்விடுவாள் என்று வீட்டில் எல்லாரும் பயந்தார்கள். எனக்கும் அதே பயம். என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கதைத்தாள். "யோசேயை வரச் சொல்லு. அவள் சொல்லுறதை அவருக்கும் சொல்லட்டும்." அதில் மூன்றாவதாகத் தண்ணீர் வரும் என்பது அந்தத் துக்கத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது.

செயின்ட்-மிஷேலில் ஒரு மண்டபத்தில், ஆற்றிலிருந்து மீட்டெடுத்த உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். ரிப்பன் தைத்த நீளப் பாவாடையோடு வந்து இறங்கிய யோசெப்பினை வாசலிலேயே மறித்தேன்.

"தண்ணியை மட்டும் விட்டுட்டுச் சொல்லு, அக்கா."

"விடேலாது, தங்கச்சி."

"அந்தத் தண்ணிதானே அவரைக் கொண்டது!"

"ஓம்," என்றாள். மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். கப்பல் கால்வாய் வெட்டி அவர்களுடைய ஊரிலிருந்து ஆற்றையே பிரித்தெடுத்த காலத்திலும் அவளுடைய தாய் தண்ணீரை விட்டுச் சொன்னதில்லையாம். பிடித்ததைப் பொறுக்கி எடுத்து நன்றி சொல்ல இது என்ன சந்தையா என்று கேட்டாள். இந்த நகரத்துக் குழாயில் வருவதும் அந்த ஆறுதான். "தேவியும் அதைத்தான் குடிக்க வேணும்," என்று தமிழில் முடித்தாள்.

இவ்வளவு காலம் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தவளின் நெஞ்சு இத்தனை கல்லா?

ஐயர் கிரியையை முடித்துக்கொண்டு விலகினார். பெட்டிக்குப் பக்கத்தில் யோசெப்பின் போய் நின்றாள். வந்திருந்த மனிதர்களுக்கு நன்றி சொன்னாள். சமையற்கூடத்துப் பெண்கள் மெல்ல "ஓம்" என்றோம். மண்ணுக்குச் சொன்னாள். "ஓம்." பிறகு தண்ணீருக்கு வந்தாள். மோஹாக்கில் சொன்னவரைக்கும் யாருக்கும் விளங்கவில்லை. அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். தாகம் தீர்க்கிற, ஓடுகிற, உறைகிற தண்ணீர் எல்லாவற்றுக்கும் நன்றி.

பின்வரிசையில் ஒரு மாமி, "ஐயோ சிவனே," என்றார். யோசெப்பின் வழக்கம்போலப் பதிலுக்காகக் காத்து நின்றாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இந்திராதேவி மட்டும் தலையை நிமிர்த்தினாள். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை.

பேரின்பநாதனின் தமையன் அருமைநாதன் எழும்பிவிட்டார். "என்ரை தம்பியை விழுங்கின தண்ணிக்கு இஞ்சை நிண்டு நன்றி சொல்லுறாளோ? உந்த விசரியை வெளியாலை அனுப்புங்கோ!"

யோசெப்பின் அவரைப் பார்க்கவே இல்லை. இந்திராதேவியின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பிழை. என்ரை பிழை," என்றாள். பிறகு முழங்கால் முனக முனக விறுவிறுவென்று வெளியே போனாள். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறாள் என்று அருமைநாதன் உட்கார்ந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இனி இவள் எங்கள் மேசைப் பக்கம் வரமாட்டாள் என்று எனக்கு அழுகை முட்டியது.

அவள் திரும்பி வந்தாள், கையில் ஒரு காகிதக் குவளை நிறையக் குழாய்த் தண்ணீரோடு. துக்கப்பட்டவரின் கண்ணைத் துடைத்து, காதடைப்பை எடுத்து, அடைத்த தொண்டைக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுத்த பிறகுதான் வேறு எதுவும் பேசலாம் என்பது அவர்களுடைய வழக்கம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைச் செய்யாமல் நேரே நன்றிக்குப் போய்விட்டாள். அவள் சொன்ன பிழை அதுதான். தண்ணீரைச் சொன்னதல்ல.

இந்திராதேவிக்கு முன்னால் மண்டியிட்டாள். "தேவி, குடி."

இந்திராதேவி ஓங்கி அடித்தாள். குவளை பறந்தது. தண்ணீர் முழுவதும் ரிப்பன் பாவாடையில் கொட்டியது. இந்திராதேவி கைநீட்டி நான் கண்டதில்லை. யோசெப்பின் குனிந்து குவளையை எடுத்தாள். நெளிந்த விளிம்பை விரலால் நிமிர்த்திக்கொண்டு மறுபடியும் வெளியே போனாள். கதவை மூடப்போன ஒருவரைத் தள்ளிவிட்டு நான் அதைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"தேவி. குடி."

இந்த முறை இந்திராதேவி அந்தக் கையை மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்து இழுத்து, குழந்தை மாதிரிக் குடித்தாள். புரையேறியது. இருமினாள். இருமலோடு சேர்ந்து அத்தனை நாளும் வராத சத்தம் வெளியே வந்தது.

"அவரைக் கொண்டுபோட்டுதடி யோசே! இந்தத் தண்ணி என்ரை மனிசனைக் கொண்டுபோட்டுது!"

"ஓம்," என்றாள் யோசெப்பின். "ஓம், தேவி."

அவள் தோளில் விழுந்து இந்திராதேவி கதறினாள். மண்டபத்தில் பாதிப்பேர் கூடவே அழுதோம். குவளை இருவருக்கும் நடுவில், பாதித் தண்ணீரோடு இருந்தது. கண்ணீரும் எச்சிலும் அதில்தான் விழுந்தன. பின்வரிசை மாமி கிட்ட வந்து, அதைக் கொட்டிவிட்டு வருவதற்காகக் கையை நீட்டினார்.

யோசெப்பின் கொடுக்கவில்லை. குவளையில் வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.