ஸ்டேஷன் ஒண்ணு

பிளாட்பாரம் கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, இன்று காலை சின்னசேலத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினேன்.

"ஸ்டேஷன் ஒண்ணு குடுங்க" என்றேன்.

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா கேசுங்க?"

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஸ்டேஷன் என்றால் போலீஸ் ஸ்டேஷன்தான். ரயில் வராத ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருந்ததில்லை.

"ரயில்வே ஸ்டேஷனுங்க. புதுசா கட்டிக்கினு இருக்காங்களே, அது."

"ரயிலே வரல, அதுக்குள்ள ஸ்டேஷனா? மொட்டைக்கிணறு ஸ்டாப்புன்னு சொல்லுங்க" என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

பக்கத்து சீட்டு அம்மா அவரைக் கேட்டார். "அங்க கெணறு எங்கப்பா கீது?"

"அத்த தூத்துட்டு மேல தண்டவாளம் போட்டுட்டாங்கமா. பேரு மட்டும் கீது."

அந்தக் கிணறு எங்களுடையது. அப்பா வெட்டியது. ரயில்பாதைக்கு நிலம் எடுத்தபோது கரும்புக் கொல்லையோடு அதுவும் போனது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அப்பா, "நம்ம கொல்லையில ரயிலு நிக்கப் போவுது" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். ரயிலைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

மொட்டைக்கிணறு ஸ்டாப் வந்தது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் யாரோ மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். கிணறு இருந்த இடம் எதுவென்று தெரியவில்லை. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

டிக்கெட் மட்டும் சட்டைப் பையில் இருக்கிறது. இன்று எனக்கு, இல்லாத கிணற்றுக்கு டிக்கெட் கொடுத்தார்கள். உங்கள் ஊர் பஸ்ஸில் எதற்குக் கொடுக்கிறார்கள்?