மோட்டார் ரூம் சாவி

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கம்பம் மார்க்கெட்டில் திராட்சைப் பெட்டி சுமந்தவன், இன்றைக்கு அங்கேயே சொந்தமாகக் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்துக்கும் நான்தான் தலைவர். யார் தயவும் இல்லாமல் மேலே வந்தவன் என்பதால் யாரையும் பேசுவேன். ஐகோர்ட்டு நீதிபதியையும் விட்டதில்லை.

என் தோட்டத்துப் பாதை வழக்கு மதுரை ஐகோர்ட்டில் விசாரணை முடிந்து, தீர்ப்புச் சொல்லாமல் மாதக்கணக்காகக் கிடந்தது. இப்படித் தீர்ப்பைக் கிடப்பில் போடும் நீதிபதிகளை சுப்ரீம் கோர்ட்டு கண்டித்ததாக ஒருநாள் பேப்பரில் வந்தது. டீக்கடையில் அதை உரக்க வாசித்தேன்.

“படிச்சு என்ன புண்ணியம்? ரெண்டு பக்கமும் கேட்டாகல்ல, சொல்லிட்டுப் போகவேண்டியதுதான? என்கிட்ட வந்தா டீ ஆறுறதுக்குள்ள தீர்ப்பு!”

எல்லோரும் சிரித்தார்கள். பால் ஊற்ற வந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப எனக்கு எந்த டீ ஆறணும்ணே?” என்றாள்.

அவளுக்கும் அவள் புருஷனின் அண்ணனுக்கும் பொதுக்கிணறு. புருஷன் செத்தபிறகு தண்ணீர் முறையில் தகராறு. இப்படித் தகராறு வந்தால் மோட்டார் ரூம் சாவியைச் சங்கத் தலைவரிடம் கொடுத்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். தீர்ப்பு வரும்வரை இருவருக்கும் தண்ணீர் கிடையாது. விசாரித்த அன்றே நியாயம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அண்ணன்காரரின் திராட்சை முழுக்க என் கடைக்கு வருவது. “யோசிச்சுச் சொல்றேன்” என்று அனுப்பி ஒரு மாதம் ஆகிவிட்டது. அவருக்கு வேறு போர்வெல் உண்டு. அவளுக்கு அந்தக் கிணறு மட்டும்தான். கிளை வெட்டிக் கவாத்துச் செய்த திராட்சைக் கொடி துளிர்க்கத் தண்ணீர் வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா?

“கோர்ட்டு வேற, நம்ம ஊரு வேறம்மா…” என்று இழுத்தேன்.

“அந்த ஜட்ஜு ஒங்க பாதையப் பூட்டிச் சாவிய மடியில வச்சுக்கிட்டா இருக்காக?”

சாவி என் மடியில்தான் இருந்தது. எடுத்து நீட்டினேன்.

“ஒருநாள் ஒனக்கு, ஒருநாள் அவருக்கு. இதுதான் தீர்ப்பு.”

“துளிரு கருகிப் போச்சுண்ணே. இந்தப் போகம் போனது போனதுதான்.”

வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் மதுரை வக்கீல் போன் செய்தார். பாதை எனக்கே. தாமதத்துக்கு எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்துவிட்டுத்தான் நீதிபதி தீர்ப்பை வாசித்தாராம்.

ஜெயித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் சொல்லவேண்டிய வருத்தத்தையும் இன்னும் சொல்லவில்லை. அவள் பால் ஊற்ற வருகிற நேரத்தில், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறு கடையில் டீ குடிக்கிறேன்.