லண்டன் அத்தையும் மாரேட்பள்ளி அம்மாவும்

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் டவுன்ஷிப் கிளப்பில் டிராமா. மூன்றாவது வரிசையில் குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளங்கையெல்லாம் வேர்வை. இத்தனைக்கும் நடித்தது நானில்லை... என் மகள் உமா!

நான் சும்மாவே பயந்தாங்கொள்ளி என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்குத் தெரியும். மகள் மேடை ஏறினால் அப்பாவுக்குக் கொஞ்சம் உதறத்தானே செய்யும் என்கிறீர்களா? அதற்காக மட்டும் நான் இப்படிப் புலம்புவேனா? எனக்கு நேர் முன்னால், இரண்டாவது வரிசையில் ஒரு கொண்டை தெரிந்தது. உமாவைப் பெண் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்று போன பையனுடைய அம்மாவின் கொண்டை.

விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஹைதராபாத் பக்கம் ராமச்சந்திராபுரத்தில் இருக்கிறவர்களுக்கு எங்கள் கிளப்பைத் தெரியும். பகலெல்லாம் தொழிற்சாலையில் இரும்போடு மல்லுக்கட்டுகிறவர்கள் சாயங்காலம் பவுடர் பூசிக்கொண்டு நடிக்கிற இடம். இந்த வருஷம் விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலக் காமெடி ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் ஒரு பணக்கார வீடு. ஒரு பெண். அவளைக் கட்டிக்கொள்ளத் துடிக்கிற பையன். நடுவில் மலை மாதிரி ஓர் அத்தை. பையனை நிற்கவைத்து அத்தை கேள்விமேல் கேள்வி கேட்பதுதான் நாடகத்தின் உயிர்.

அத்தையின் புருஷன் என்று ஒரு பாத்திரமும் உண்டு. எதற்கெடுத்தாலும் பதறுகிற மனிதர். முழங்கையில் குடையை மாட்டிக்கொண்டே வீடு முழுக்கக் குடையைத் தேடுவார். ஜனங்கள் அதற்கும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு அது மட்டும் ஒப்பவில்லை. அப்படி ஒரு மனுஷன் உலகத்தில் இருப்பானா, நீங்களே சொல்லுங்கள்? ரொம்ப ஓவர்.

உமாவுக்கு அத்தை வேஷம். ரிகர்சல் மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான் மாரேட்பள்ளியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். பையன் தங்கம். அதற்கு முன்னால் வந்த வரன்களுக்கெல்லாம் "நோ டாடி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட உமா, இவர்கள் போன பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. "என்னம்மா, எப்படி?" என்றேன். "ஓகே டாடி" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அவள் ஓகே சொன்ன அன்றைக்குப் போனதுதான் என் தூக்கம். என் பெண் ஆசைப்பட்டுவிட்டாள். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டால்?

அந்த அம்மாவின் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். முந்தானையால் துடைப்பார். பதில் வரும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். பதில் பிடித்தால் கண்ணாடி மூக்கில் ஏறும். பிடிக்காவிட்டால் "ம்ம்ம்..." என்று ஒரு சத்தம் மட்டும் வரும்.

"உங்க வீட்ல யாருக்காச்சும் சுகர் இருக்கா?" துடைப்பு. "பொண்ணுக்குத் தமிழ் எழுதப் படிக்க வருமா, இல்ல இங்கிலீஷ்தானா?" துடைப்பு. "கோபம் வருமா?" துடைப்போ துடைப்பு. நாங்கள் கொடுத்த காபி ஆறி ஏடு கட்டிவிட்டது.

அவர்கள் கிளம்பும்போது என் மனைவி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க உமா டிராமால நடிக்கிறா, அவசியம் வரணும்" என்று சொல்லித் தொலைத்தாள். வந்துவிட்டார்கள்!

திரை விலகியது. கவுன், தொப்பி, நரைத்த விக், மூக்குக் கண்ணாடி — என் பெண்ணை எனக்கே அடையாளம் தெரியவில்லை. எங்கள் டிராயிங் ஆபீஸ் பையன்தான் ஹீரோ. அவனை எதிரில் நிற்கவைத்தாள். முதல் கேள்வியைக் கேட்கும் முன்னால்... கண்ணாடியைக் கழற்றினாள். கவுன் ஓரத்தால் துடைக்க ஆரம்பித்தாள்.

நான் குடையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"என்னங்க இது... அவங்கள மாதிரியே..." என்று மனைவி என் கையைக் கிள்ளினாள்.

"பேசாம இரு" என்றேன்.

அடுத்த கேள்வி. துடைப்பு. ஹால் சிரித்தது. அதற்கடுத்த கேள்வி. துடைப்பு. கூரை பறந்துவிடும் போலச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போச்சு, எல்லாம் போச்சு! மனசுக்குப் பிடித்த ஒரே பையனை இவளே மேடை போட்டு விரட்டுகிறாளே! முன்னால் இருந்த கொண்டை பயங்கரமாகக் குலுங்கியது. கோபமா? அழுகையா? எட்டிப் பார்த்தேன்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். மகன் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினேன். "ஏன்டி இப்படிச் செஞ்சே?"

"என்ன செஞ்சேன் டாடி?"

"கண்ணாடி!"

உமா முழித்தாள். "டைரக்டர் சார், மாமியார் மாதிரி கேளுன்னார். எனக்குத் தெரிஞ்ச ஒரே மாமியார்..." பாதியில் நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ டாடி! தானா வந்துடுச்சு. ஐ ஸ்வேர்!" பவுடர் வழியக் கண் கலங்கிவிட்டது.

சொல்லி வாய் மூடவில்லை, அம்மாவும் மகனும் வந்து நின்றார்கள். "மன்னிச்சுக்கணும்... சின்னப் பொண்ணு, ஏதோ தெரியாம..." என்று நான் உளற ஆரம்பித்தேன்.

"கைக்கு மன்னிப்பு அண்ணே?" என்றார் அந்த அம்மா. 'கைக்கு' என்றால் செகந்திராபாத் உருதுவில் 'எதற்கு'. "செத்துப்போன என் மாமியாரை அப்படியே கொண்டாந்து நிறுத்திடுச்சே உங்க பொண்ணு! என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப இதே மாதிரிதான். கேள்வி கேட்டே உசிரை வாங்கிட்டாங்க. நான் அப்பவே முடிவு பண்ணேன், எனக்கு மருமக வரப்போ ஒரு கேள்வி கேட்கக்கூடாதுன்னு. கேட்டேனா? நீங்களே சொல்லுங்க!"

"சேச்சே, இல்லவே இல்லைங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

"ஹவ்!" என்று அந்த ஊர்ப் பாணியில் 'ஆமாம்' போட்டுத் திருப்தியாகத் தலையை ஆட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, தை மாசம் முகூர்த்தம் வெச்சுக்கலாமா?"

துடைத்துக்கொண்டே நின்றார். உமா மெல்லத் தலையாட்டினாள். கண்ணாடி மூக்கில் ஏறியது!

அம்மா முன்னால் போனதும் பையன் உமா பக்கம் குனிந்து, "எல்லாம் கரெக்ட். அந்த 'ம்ம்ம்'மை மட்டும் விட்டுட்டீங்க" என்றான். உமா விக்கைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள்... அந்தச் சிரிப்புக்காக இன்னும் ஒரு டிராமா பயப்படலாம்.

எங்கேயோ லண்டனில், எப்போதோ எழுதிய நாடகம். எத்தனையோ வருஷம் ஆகியும் நம் ஊரில் ஏன் இப்படி ஓடுகிறது? அதில் வருகிற ஆட்களை நமக்கு நன்றாகத் தெரியும் — அத்தனை பேரும் அடுத்த வீட்டுக்காரர்கள்! யாரும் தன்னைப் பார்ப்பதில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம்.

இந்த மாபெரும் கண்டுபிடிப்பை மனைவியிடம் விளக்கிக்கொண்டே கிளப் வாசலுக்கு வந்தவன் திடுக்கிட்டு நின்றேன். "ஐயையோ, குடையை ஹால்லயே விட்டுட்டேனே!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முழங்கையிலதான் தொங்குது, வாங்க!"